பத்துக்கு இரண்டு

பித்தப்பையில் கல் என்பது ஆளைக் கொல்லுகிற வருத்தம் இல்லை. அதை வைத்துக்கொண்டே சாகப் பார்த்தவன் நான். அது எப்படி என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். இப்போது வீட்டில் ஓய்வு. பாரம் தூக்கக் கூடாது என்று கட்டளை. பேனாவைத் தூக்கலாம்.

சுவிசில், எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில், ஒரு ஹோட்டல் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். சூப்பும் மரக்கறியும் என் பொறுப்பு. மனைவி றீற்றா கீழே கூர் நகரத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. சீசன் நாட்களில் நான் மேலே ஊழியர் அறையில் தங்குவேன், லீவு நாளில் மலை ரயிலில் இறங்கி வீட்டுக்கு வருவேன். வருத்தத்தை ஒளிப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. எட்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே பிடித்துப் பிடித்து வலித்தது. எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் வலி முதுகுக்கும் ஓடும். றீற்றாவுக்குச் சொல்லவில்லை. கூட்டாளிகள் இரண்டு பேரிடம் சொன்னேன். இருவரும் படித்துப் பட்டம் பெற்றவர்கள்போல ஒரே குரலில் "வாய்வு" என்றார்கள். உள்ளிப் பூண்டைச் சுட்டுத் தின்றேன். சீரகத் தண்ணீர் குடித்தேன். வாய்வுக்கு நல்லாக இருந்திருக்கும். எனக்குத்தான் வாய்வு இல்லை.

எங்கள் செஃப் காலையில் வரும்போது எல்லோரையும் பார்த்து "கேட்ஸ்?" என்பார். எப்படி, முடிகிறதா என்று அர்த்தம். "கேட் ஷோ" என்று சொல்ல வேண்டும். பரவாயில்லை, ஓடுகிறது என்று அர்த்தம். பத்தொன்பது வருடத்தில் வேறு பதில் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, காய்ச்சலோடு நின்று கரட் வெட்டிக்கொண்டிருந்தேன். செஃப் "கேட்ஸ்?" என்றார். "கேட் ஷோ" என்று சொல்லிக்கொண்டே தரையில் இருந்துவிட்டேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த களியைப் பூசி, அல்ட்ராசவுண்ட் கருவியை உருட்டினார் டொக்டர். கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, அதைச் சேர்த்து வைக்கிற சின்னப் பைதான் பித்தப்பை, உங்கள் பை முழுக்கக் கல், பை அழன்று வீங்கியிருக்கிறது, எடுக்க வேண்டும் என்று விளக்கினார். வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, கமெராவை உள்ளே விட்டு எடுப்பார்களாம். "பை இல்லாமல் வாழலாமோ?" என்று கேட்டேன். "நிம்மதியாக வாழலாம்" என்று சிரித்தார். பிறகுதான் றீற்றாவுக்குப் போன் எடுத்தேன். எட்டு மாதம் என்றதைக் கேட்டு அவள் ஏசவில்லை. "வாறன்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குக் கிடைத்தது இரண்டு கட்டில் அறை. யன்னல் பக்கக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரர், ஐம்பது தாண்டியவர், பெரிய உடம்பு. இடுப்பு மூட்டை மாற்றி முதல் நாள். பெயர் டெக்லன். அயர்லாந்துக்காரர். நான் வேலை செய்கிற ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி, ஹோட்டல்களுக்குக் கதவும் யன்னலும் செய்கிற தச்சுப் பட்டறையில் வேலை. அவருக்கும் எனக்கும் இடையில் ஓடியது வேலைத்தளத்து ஜெர்மன். இலக்கணம் கேட்டு வரக் கூடாது. ஆனால் இரண்டு பேருக்கும் விளங்கியது. அதைத்தான் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்து அறைக்கு வந்த பிறகு உர்சினா என்ற தாதி வந்தாள். மலைக் கிராமத்துப் பெண். சிரித்த முகம்.

"வலி எவ்வளவு? பூச்சியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் நினைக்கக்கூடிய அளவில் மிகப் பெரிய வலி."

"இரண்டு" என்றேன்.

டெக்லனிடமும் கேட்டாள். "கிராண்ட்" என்றார். அது அவர்கள் ஊரில் எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்கிற சொல்லாம். இலக்கம் வேண்டும் என்று அவள் விடவில்லை. "சரி, இரண்டு" என்றார்.

"இந்த அறையில் எல்லோருக்கும் இரண்டுதான்" என்று எழுதிக்கொண்டு போனாள்.

நான் ஏன் இரண்டு சொன்னேன் என்று சொல்ல வேண்டும். செஃப்புக்குச் சொல்லிப் பழகிய வாய் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. பத்து என்று அவள் சொன்னதுமே எனக்குச் சவிரி அண்ணையின் முகம் வந்துவிட்டது. மன்னாரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். யுத்த நாளில் ஷெல் குண்டு விழுந்து முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் கிடத்திக் கொண்டுபோனபோது, அவருடைய தலை என் மடியில் இருந்தது. தண்ணி மட்டும்தான் கேட்டார். பத்து அவருக்கு உரியது. அதற்குக் கீழே ஒன்பதிலும் எட்டிலும் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மெத்தைக் கட்டிலில், வெள்ளைப் போர்வைக்குள், மணி அடித்தால் ஆள் வருகிற இடத்தில் படுத்துக்கொண்டு, ஒரு பித்தப்பைக்காரன் ஐந்து ஆறு என்று கேட்டால் அது களவு எடுப்பதுபோல இருந்தது.

அடுத்த நாள் றீற்றா மண்டரின் தோடம்பழம் ஒரு பை வாங்கி வந்தாள். எனக்கு உடனே சாப்பிட அனுமதி இல்லை என்றதும் டெக்லனிடம் கொடுத்தாள். அவர் ஒன்றைத் தின்னாமல் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கைபிடியில் பழத்தை வைத்து, விழாமல் தாங்கிக் காட்டினார். றீற்றா கைதட்டினாள்.

"உது என்ன விளையாட்டு?" என்று கேட்டேன்.

"ஹேர்லிங்" என்றார். "பதினாலு வருசம் விளையாடினனான்."

பக்கத்துக்குப் பதினைந்து பேர். கையில் மரமட்டை, நுனி உள்ளங்கைபோல அகன்றிருக்கும். சின்னத் தோல் பந்து. தரையிலும் அடிக்கலாம், ஆகாயத்தில் வரும்போதும் அடிக்கலாம், எட்டிக் கையாலும் பிடிக்கலாம். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்துப்போல. குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. எனக்கு எங்கள் ஊரில் தடியால் பந்தை அடித்து ஓடுகிற எல்லே விளையாட்டுத்தான் ஞாபகம் வந்தது. முப்பது பேர் ஒரே நேரத்தில், ஒரே பந்துக்கு எல்லே விளையாடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சிரித்ததில் வயிறு நொந்தது.

அவருடைய மாவட்ட அணியில் இடம் பிடிக்க நாலு வருடம் மாற்று ஆளாக வெளியே வாங்கிலில் இருந்தாராம். பிறகு கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கிற இடம் கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கான சனம் பெயர் சொல்லிக் கத்தும்; திங்கட்கிழமை காலையில் பட்டறையில் கதவு இழைக்க வேண்டும்.

"எதிராளி எந்தப் பக்கம் பாய்வான் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"முகத்தைப் பாக்கக் கூடாது. முகம் பொய் சொல்லும். கண்ணும் பொய் சொல்லும். பாதத்தைப் பாக்கவேணும். அதுக்கு நடிக்கத் தெரியாது. பதினாலு வருசமும் நான் ஆக்களின்ர காலைத்தான் பாத்தனான்."

றீற்றா போன பிறகுதான் மீதியைச் சொன்னார். காயம் பட்டால் வைத்தியம் பார்க்கிறவர் மைதானத்துக்குள் ஓடி வந்து "சரியோ?" என்று கேட்பார். கோட்டுக்கு வெளியே அடுத்த ஆள் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நிற்பான். சரியில்லை என்று ஒரு சொல் சொன்னால் அவன் உள்ளே, நீர் வெளியே. ஆகவே எல்லோருக்கும் எப்போதும் "கிராண்ட்". உடைந்த விலாவோடு கிராண்ட். தலை சுற்றும்போதும் கிராண்ட்.

பிறகு இடது கையை விரித்துக் காட்டினார். மோதிர விரல் நடு மூட்டில் கோணிப்போய் இருந்தது.

மாகாண இறுதிப் போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் பயிற்சியில் உடைந்த விரல். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒட்டுப் பட்டியால் சுற்றிக்கொண்டு இறங்கினார். கடைசி நிமிடத்தில் அவருடைய அணி இரண்டு புள்ளி முன்னுக்கு. உயரத்தில் இருந்து ஒரு பந்து இறங்கியது. அவருடைய பந்து. ஆயிரம் தடவை பிடித்த பந்து. கையை உயர்த்தினார், பந்து உள்ளங்கையில் வந்து விழுந்தது, விரல் மூடவில்லை. கீழே விழுந்த பந்தை எதிராளி வலைக்குள் தட்டிவிட்டான். மூன்று புள்ளி. விசில்.

"ஏசினவையோ?"

"ஒருத்தரும் ஏசேல்லை. அடுத்த கிழமை ஒரு வீட்டுக்குக் கதவு திருத்தப் போனனான். அந்த வீட்டு மனுசி தேத்தண்ணி போட்டுத் தந்து, மழையைப் பற்றிக் கதைச்சுது, மாட்டைப் பற்றிக் கதைச்சுது. அந்த விளையாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைத்தான் தாங்க ஏலாமல் போச்சு."

இன்னும் இரண்டு வருடம் விளையாடினார். பிறகு இடுப்பும் பழுதாகிப்போக, சுவிசுக்கு வந்துவிட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த விரல் அன்றைக்கு உடைந்திருந்தது என்று இன்றுவரை அங்கே ஒருவருக்கும் தெரியாது என்றார். எனக்கு ஏன் சொன்னார் என்று கேட்கவில்லை. நான் ஹேர்லிங் தெரியாத ஆள் என்பதால் இருக்கலாம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வலி குறைய வேண்டிய நாள், எனக்குக் கூடிக்கொண்டு வந்தது. வயிறு பலகைபோல இறுகியது. வலது தோளில் ஒரு குத்து. தோளுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், படுத்த வாக்குச் சரியில்லை என்று எனக்கு நானே வைத்தியம் சொன்னேன். காலையில் கேட்டபோது இரண்டு. மத்தியானம் கேட்டபோதும் இரண்டு. உண்மையைச் சொன்னால், அதற்கு மேல் ஒரு இலக்கத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் நாள் இரண்டு, மூன்றாம் நாள் ஏழு என்றால் இந்த ஆள் நடிக்கிறான் என்று நினைக்க மாட்டார்களா? திங்கட்கிழமை வீட்டுக்கு விடுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பின்னேரம் மூன்று மணிபோல் றீற்றா கட்டில் ஓரத்தில் இருந்து முதியோர் இல்லத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. டெக்லன் ஊன்றுகோலோடு நடை பழகிவிட்டு வந்து என் கட்டிலுக்கு முன்னால் நின்றார். அந்த நேரம் உர்சினா உள்ளே வந்தாள். றீற்றா எழும்பி, வெளியே தெரிந்த என் கால்களைப் போர்வையால் இழுத்து மூடினாள்.

"இப்போது எவ்வளவு?"

"இரண்டு."

"அது உண்மை இல்லை" என்றார் டெக்லன்.

உர்சினா திரும்பிப் பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. மனைவிக்கு முன்னால், தாதிக்கு முன்னால், நேற்றுப் பழகிய ஒருவன் என்னைப் பொய்யன் என்கிறான்.

"உமக்கென்ன? என்ர வயிறு, எனக்குத் தெரியும்" என்றேன். முழு வசனமும் சொல்லி முடிக்க மூச்சுப் போதவில்லை.

அவர் என்னோடு கதைக்கவில்லை. உர்சினாவிடம் சொன்னார்: "பதினாலு வருசம் நானும் இப்படித்தான் சொன்னனான். போர்வையை எடுத்துவிட்டு இவருடைய காலைப் பாரும்."

அவள் போர்வையை எடுத்தாள். என் கால்விரல் பத்தும் உள்ளே சுருண்டு, மெத்தை விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. எனக்கே அது தெரியாது. விரிக்கப் பார்த்தேன். விரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த அறை ஓட்டம் எடுத்தது. உர்சினா வயிற்றைத் தொட்டாள்; என்னை அறியாமல் கத்திவிட்டேன். இரத்தம் எடுத்தார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். அது ஒரு பெரிய வளையம். உள்ளே படுக்க வைத்து உடம்பைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறது. அந்த வளையத்துக்குள் மூச்சைப் பிடி என்று சொன்னபோதுதான் நான் பயந்தேன். செத்துப்போவேன் என்று தெளிவாக நினைத்தேன். றீற்றாவிடம் எட்டு மாதமாக ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, இப்போது சொல்வதற்கு அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள்.

பித்தப்பையை எடுத்த பிறகு அதன் குழாய் வாயைச் சின்னக் கிளிப் போட்டு மூடுவார்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் சிலருக்கு அந்த இடத்தில் ஒழுகுமாம். பித்தநீர் சொட்டுச் சொட்டாக வயிற்றுக்குள் இறங்கி, உள்ளே எரிக்கும். தோளில் குத்தினதும் அதனால்தான். ஒருவருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். என்னுடைய இரண்டைத்தான் எல்லோரும் நம்பினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக்குழாய்க்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை வைத்து நீரைச் சரியான வழிக்குத் திருப்பினார்கள். வயிற்றில் தேங்கினதை வெளியே எடுக்க விலாவில் ஒரு குழாய். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நஞ்சு இரத்தத்தில் ஏறியிருக்கும் என்றார் டொக்டர். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலும் ஒன்பது நாள் கிடந்தேன். றீற்றா இரவு வேலை முடித்து நேரே வருவாள், கதிரையில் இருந்தபடியே தூங்குவாள், எழும்பி என் தலையைச் சீவிவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கோபிக்க அவளுக்கு முழு உரிமை இருந்தது.

டெக்லன் எனக்கு முதலே வீட்டுக்குப் போனார். போகிற காலை, ஊன்றுகோலை ஊன்றி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோபமோ?"

"கொஞ்சம்" என்றேன். "என்ர பொய்யை நீர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டீர். உம்மட விரலை ஆர் சொல்லுறது?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோணின விரலை மற்றக் கையால் ஒரு தடவை தடவிவிட்டுப் போனார்.

மூன்று கிழமை கழித்து வீட்டுக்குப் போன் எடுத்தார். குரல் மாறியிருந்தது. பழைய அணியின் கோல்கீப்பரை, அந்தக் கடைசிப் பந்து விழுந்தபோது அவருக்குப் பின்னால் நின்ற மனிதரை, இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு தேடிப் பிடித்துக் கதைத்தாராம். விரல் உடைந்திருந்தது என்று சொன்னாராம்.  அதற்கு அந்த மனிதர் சொன்னாராம்: "தெரியும். உடுப்பு மாத்திற அறையில நீ ஒளிச்சு நிண்டு விரலில பட்டி சுத்தினதை நான் கண்டனான். நான் சொல்லியிருந்தால் உன்னை வெளியில இருத்தியிருப்பினம். அதாலதான் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். இண்டைக்கு வரைக்கும் அந்தத் தோல்வி என்ர எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

"இரண்டு பேரும் அழுதனாங்கள்" என்றார் டெக்லன். "கிழட்டு மாடுகள் இரண்டு."

போனை வைத்துவிட்டு றீற்றாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் குசினி மேசையில் இருந்து பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நானும் கண்டனான்" என்றாள்.

"எதை?"

"உங்கட கால்விரலை. டெக்லன் பாக்க முதலே கண்டிட்டன். இருபது வருசமா இதுதானே என்ர வேலை, வலியில ஆர் எப்பிடிக் கிடப்பினம் எண்டு எனக்குத் தெரியாதோ? நேர்ஸுக்கு முன்னால உங்களைப் பொய்யனாக்க மனம் வரேல்லை. அதால போர்வையை இழுத்து மூடினனான்." கையில் இருந்த காயைக் கீழே வைத்தாள். "நான்தான் மூடினனான், இஞ்சருங்கோ. அந்த மனுசன் இல்லாட்டி?"

கோபம் என்று நான் நினைத்திருந்தது இதுதான். அத்தனை நாளும் கதிரையில் இருந்து அவள் இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள்.  பக்கத்தில் இருந்து மிச்சப் பயித்தங்காயை நானும் முறித்தேன். கடைசியில், "இனி மூடாதை" என்றேன். "நீங்கள் இனி ஒளிக்காதேங்கோ" என்றாள்.

போன கிழமை அந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்தார்கள். மறுபடியும் வாய் வழியாகத்தான். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது, வேறு ஒரு தாதி எழுதுகிற அட்டையும் பேனாவும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலி எவ்வளவு? பூச்சியத்திலிருந்து பத்துக்குள்."

வாயில் இரண்டு வந்துவிட்டது. சவிரி அண்ணையும் வந்தார். அவரைப் பார்த்தேன். அவர் என்னிடம் கேட்டது தண்ணி மட்டும்தான், என் இலக்கத்தை இல்லை.

"நாலு" என்றேன்.

றீற்றா எழும்பிக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். போர்வையைத் தூக்கினாள். குனிந்து என் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தாதியின் பக்கம் திரும்பி, ஜெர்மனில் சொன்னாள்:

"எழுதுங்கள். நாலு சரி."